கொடுப்பது ஒரு வடிவம், காட்டுவது ஒரு வடிவம்: ஐபி, டிசி கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்களுக்கு ஐபிரூட்2 தொகுப்பிலுள்ள ஐபி, டிசி என்ற இரண்டு கட்டளைகள் இல்லாமல் ஒரு நாளும் நகராது. முகவரியையும் பாக்கெட் போகும் பாதையையும் (ரூட்) அமைப்பது ஐபி, போக்குவரத்தின் வேகத்தையும் வரிசையையும் கட்டுப்படுத்துவது டிசி. அலெக்ஸி குஸ்னெட்சோவ் தொடங்கிவைத்து, பிறகு ஸ்டீஃபன் ஹெமிங்கர் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் தொகுப்பு இது. இதைப் புழங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முளைப்பவை: கருவி வாங்கிக்கொள்ளும் வடிவமும் அது திருப்பிக் காட்டும் வடிவமும் ஒத்துப்போவதில்லை. முதல் எட்டுக் கேள்விகள் பயன்படுத்துகிறவர்களுக்கு. அதற்குப் பின் வருபவை, அப்படி ஒரு கருவியை எழுதுகிறவர்களுக்கும் திருத்த நினைப்பவர்களுக்கும்.

1. டிசியில ஸ்பீடை 10எம்பிபிஎஸ்னு கட்டினேன். ஷோ போட்டா 80எம்பிட்னு காட்டுது. ஏன்?

நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. டிசியின் அகராதியில் 'பிட்' என்று முடியும் அலகு நொடிக்கு இத்தனை பிட். 'பிபிஎஸ்' என்று முடியும் அலகு நொடிக்கு இத்தனை பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 10 எம்பிபிஎஸ் 80 எம்பிட் ஆகிவிட்டது. சாதாரண வெளியீட்டில் டிசி வேகத்தை எப்போதும் பிட் கணக்கில்தான் காட்டும்.

இணைய இணைப்பு விற்கும் விளம்பரங்களில் எம்பிபிஎஸ் என்றால் மெகாபிட். உலகம் முழுக்க அந்தப் பொருளில்தான் அந்தச் சொல் புழங்குகிறது. டிசி மட்டும் வேறு பொருளில் வைத்திருப்பதால், புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள். டிசியில் வேகத்தைச் சொல்லும்போது எப்போதும் 'பிட்' என்று முடியும் அலகையே போடுங்கள். பிபிஎஸ் பக்கமே போக வேண்டாம்.

2. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாத்திப் போட்டா பிட், பைட் வித்தியாசம் புரிஞ்சுக்குமா?

புரிந்துகொள்ளாது. டிசி அலகுச் சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடே பார்ப்பதில்லை. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் மட்டும், வெளியீட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சிறிய கே போட்டால் கிலோபிட், பெரிய கே போட்டால் கிலோபைட். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

3. டிபிஎஃப்ல பர்ஸ்ட் 15கே கொடுத்தா '15கேபி'ன்னு வருது. இது கிலோபிட்டா, கிலோபைட்டா? ஆயிரமா, 1024-ஆ?

கிலோபைட், 1024 கணக்கு. அதாவது 15,360 பைட். (டிபிஎஃப் என்பது டிசியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு முறை, பர்ஸ்ட் என்பது ஒரே மூச்சில் அனுப்ப அது அனுமதிக்கும் அளவு.)

இங்கே இரண்டு கணக்குகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வேகத்துக்கு கிலோ என்றால் 1000. அளவுக்கு, அதாவது பர்ஸ்ட், வரிசை நீளம் போன்றவற்றுக்கு, கிலோ என்றால் 1024. ஒரே கட்டளையில், ஒரே வரியில், முதல் எண்ணுக்கு ஒரு கிலோ, அடுத்த எண்ணுக்கு வேறொரு கிலோ. 1024-ஐக் குறிக்க கிபி, மெபி என்ற தனி முன்னொட்டுகளை, மின்தொழில்நுட்பத்துக்கான சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஇசி 1998-லேயே கொண்டுவந்துவிட்டது. டிசியும் வேகத்துக்கு அவற்றை ஏற்கிறது. ஐஇசி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வேகத்தை அந்தக் கணக்கில் காட்டவும் செய்யும். ஆனால் அளவுகளைக் காட்டும்போது பழைய 'கேபி'தான் வருகிறது. பார்க்கிறவருக்கு அது கிலோபிட் போலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

4. அலகே போடாம வெறும் எண் கொடுத்தா என்ன ஆகும்?

இடத்துக்கு இடம் மாறும். வேகம் என்றால் நொடிக்கு இத்தனை பிட். அளவு என்றால் பைட். நேரம் என்றால், கையேட்டின்படி, மைக்ரோநொடி. கடைசி ஒன்றுதான் ஆளைக் கவிழ்க்கும்: சோதனைக்காகச் செயற்கைத் தாமதம் உண்டாக்கும் நெட்எம்மில் தாமதம் 100 என்று போட்டு 100 மில்லிநொடி வரும் என்று காத்திருப்பார்கள், வந்தது அதைவிட மிகமிகச் சிறியது. பிங் போட்டுப் பார்த்தால் தாமதமே இல்லாத மாதிரி இருக்கும், உடனே 'நெட்எம் வேலை செய்யவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஸ்கிரிப்ட்டில் எந்த எண்ணையும் அலகில்லாமல் விடாதீர்கள்.

5. ஐபி அட்ரஸ் ஆட் பண்ணேன், பின்னாடி 32-ன்னு ஒட்டிக்கிச்சு. இஃப்கான்ஃபிக்ல இப்படி வராதே?

ஐபி கட்டளையில் முகவரிக்குப் பின் சாய்கோடும் நீளமும் கொடுக்காவிட்டால் அது ஒற்றை முகவரி, அதாவது 32 பிட் முழுவதும், என்று எடுத்துக்கொள்ளும். அதே வேலைக்கான முந்தைய கட்டளையான இஃப்கான்ஃபிக்கில் கொடுக்காவிட்டால் பழைய ஏ, பி, சி வகுப்புக் கணக்கில் ஊகிக்கப்படும்: 192.168.1.5-க்கு 24, 10-இல் தொடங்கும் முகவரிக்கு 8. இரண்டுமே ஊகம்தான். ஆனால் 32 என்ற ஊகம் தவறானால் உடனே தெரிந்துவிடும், பக்கத்துக் கணினிக்குக்கூடப் போகாது. 8 என்ற ஊகம் பாதி வேலை செய்து மாதக்கணக்கில் மறைந்திருக்கும். எனக்கு முதலாவதே மேல்.

மாஸ்க்கை, அதாவது முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பதை, எழுதுவதிலும் ஊருக்கு ஒரு முறை உண்டு. ஐபி கட்டளை 192.168.1.5/24 என்றும் ஏற்கும், 192.168.1.5/255.255.255.0 என்றும் ஏற்கும். காட்டும்போது 24 என்று மட்டும் காட்டும். மேக் கணினியில் இஃப்கான்ஃபிக் அதையே எட்டு இலக்க ஹெக்ஸ் (பதினாறு அடிமான) எண்ணாகக் காட்டும். சிஸ்கோ ரவுட்டரின் அணுகல் பட்டியலில் தலைகீழாக 0.0.0.255 என்று எழுத வேண்டும். நான்கும் சொல்வது ஒன்றைத்தான்.

6. 'பிங் 10.1' ஒரு அட்ரஸுக்குப் போகுது, 'ஐபி ரூட் கெட் 10.1' வேற அட்ரஸைச் சொல்லுது. எது சரி?

இரண்டும் தத்தம் விதிப்படி சரி. பிங் பயன்படுத்துவது சி நூலகத்தின் பழைய விதி: கடைசி எண் மீதமுள்ள இடம் முழுவதையும் நிரப்பும். எனவே 10.1 என்பது 10.0.0.1. ஐபி கட்டளை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போய், இல்லாததற்குப் பூஜ்யம் போடும். எனவே 10.1.0.0. ரூட் எழுதும்போது 10/8 என்று சுருக்கமாகப் போட முடிவது இந்த இரண்டாவது விதியால்தான்.

இதைவிட ஆபத்தானது முன்னால் வரும் பூஜ்யம். 010.0.0.1 என்று எழுதினால் இரண்டு கட்டளைகளுமே 010-ஐ எட்டடிமான எண்ணாகப் படித்து 8.0.0.1 என்று போய்விடும். எக்ஸெல் அட்டவணையில் அழகுக்காக மூன்று இலக்கமாக நிரப்பிய முகவரிகளை எடுத்து ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பைத்தானின் முகவரி நூலகம் 3.9.5 பதிப்பிலிருந்து முன்பூஜ்யத்தை அடியோடு மறுக்கிறது. சரியான முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்: இரண்டு பொருள் வரும் உள்ளீட்டை ஊகித்து ஏற்பதைவிட மறுப்பது நல்லது.

7. டிசியில கிளாஸ் 1:10-ன்னா பத்தாவது கிளாஸா?

பதினாறாவது. டிசி போக்குவரத்தைப் பிரிக்கும் பிரிவு கிளாஸ், அமைப்புக்கு இடும் அடையாள எண் ஹேண்டில். இந்த எண்கள் எல்லாமே ஹெக்ஸ், முன்னால் எந்த அடையாளமும் இல்லாமலே. கொடுப்பதும் காட்டுவதும் ஹெக்ஸ்தான் என்பதால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் எண்ணை அப்படியே கிளாஸ் எண்ணாகப் போடும் ஸ்கிரிப்ட் 9999 வரை போய், 10000-இல் பிழை சொல்லி நிற்கும். ஏனென்றால் அந்த இடத்தில் இருப்பது 16 பிட், நான்கு ஹெக்ஸ் இலக்கம் மட்டுமே.

கிளாஸ்களுக்கு வேகத்தைப் பங்கிடும் ஹெச்டிபி முறையில், வகைப்படாத பாக்கெட்டுகள் போக வேண்டிய கிளாஸைச் சொல்லும் 'டிஃபால்ட் 10' என்பதும் ஹெக்ஸ்தான். முன்பு அதை வெறும் 10 என்று காட்டினார்கள். இப்போதைய பதிப்புகளில் ஹெக்ஸ் என்று தெரியும்படி முன்னொட்டோடு காட்டுகிறார்கள். அந்த டிஃபால்ட் எண்ணில் கிளாஸே இல்லையென்றால் எச்சரிக்கை ஏதும் வராது. வகைப்படாத பாக்கெட்டுகள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நேரே போய்விடும். புள்ளிவிவரத்தில் நேரடிப் பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

8. ஒருத்தர் 46-ங்கிறார், ஒருத்தர் 184-ங்கிறார், டிசிபிடம்ப் பி8-ன்னு காட்டுது. வாய்ஸ் பாக்கெட்டுக்கு எது?

மூன்றும் ஒன்றே. பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி ஆறு பிட் எண், அதில் 46. அது எட்டு பிட் டாஸ் புலத்தின் மேல் ஆறு பிட்டில் உட்காருகிறது. கீழே இரண்டு பிட் நெரிசல் அறிவிப்புக்கு. எனவே 46-ஐ நான்கால் பெருக்க 184, அதுவே ஹெக்ஸில் பி8, பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் அப்படித்தான் காட்டும். பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் டிஎஸ்சிபியாகக் கொடுத்தால் 46. பிங், ஐபெர்ஃப்3 இரண்டிலும் டாஸ் ஆகக் கொடுத்தால் 184. பாதைத் தேர்வு விதிகளுக்கான ஐபி ரூலில் டாஸ் 10 என்று எழுதினால் அது பத்து அல்ல, ஹெக்ஸ் 10. ஏழாம் கேள்வியில் சொன்ன அதே வழக்கம் இங்கேயும்.

9. 'ஐபி ரூட் ஷோ' காட்டினதை அப்படியே காப்பி பண்ணி 'ஆட்'ல போட்டா ஏன் எரர் அடிக்குது?

அடிக்கடி வரும் புகார், நியாயமான புகாரும்கூட. காட்டும் வரியில் மூன்று வகைச் சொற்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, நீங்கள் கொடுத்த அமைப்பு. இரண்டாவது, கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) சேர்க்கும் நிலைத் தகவல். கேபிள் கழன்றிருந்தால் வரும் 'லிங்க்டவுன்' போல. அதைத் திருப்பிக் கொடுத்தால், 'டூ' இரண்டு முறை வந்திருக்க வேண்டும், அல்லது 'லிங்க்டவுன்' என்பது குப்பை என்ற பொருளில் ஒரு பிழை வரும். அந்தச் செய்தியைப் பார்க்கிறவருக்கு எதுவும் விளங்காது.

மூன்றாவது வகைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது: மதிப்பு அதேதான், எழுதும் விதம் மட்டும் வேறு. முகவரியின் ஆயுளை 3600 என்று கொடுக்கிறோம். காட்டும்போது 3600-உடன் 'செக்' என்று ஒட்டி வருகிறது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் எண்ணுக்குப் பின் எழுத்து இருக்கிறது என்று மறுத்துவிடும். ரூட்டின் காலாவதி நேரத்துக்கும் இதே கதை. வெளியீட்டை எழுதியவர் மனிதருக்கு உதவவே 'செக்' போட்டார். உள்ளீட்டை எழுதியவர் கண்டிப்பாக இருக்கவே எண்ணை மட்டும் ஏற்றார். இருவரும் நல்லதைத்தான் செய்தார்கள், ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை.

10. இதைச் சரிபண்ணணும்னா எதுல கை வைக்கிறது? இன்புட்லயா, அவுட்புட்லயா?

முதலில் இன்புட்டில். கருவி இன்று என்னவெல்லாம் காட்டுகிறதோ அதையெல்லாம் ஏற்கும்படி செய்யுங்கள். மேலே சொன்ன ஆயுள் விஷயத்தில் 'செக்' என்ற பின்னொட்டையும் ஏற்கக் கற்றுக்கொடுத்தால் போதும். இதுவரை பிழை என்று சொன்ன ஒன்றை இனி ஏற்கிறோம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த எந்த ஸ்கிரிப்ட்டும் உடையாது. அந்த மாற்றம் ஒரு பதிப்பில் வெளியே போன பிறகு, அவுட்புட்டில் தெளிவு சேர்க்கலாம்.

ஹெச்டிபியின் டிஃபால்ட் எண்ணைத் திருத்தியது நல்ல எடுத்துக்காட்டு. உள்ளீட்டின் பொருள் மாறவில்லை, 10 இன்னும் ஹெக்ஸ்தான். காட்டும்போது மட்டும் ஹெக்ஸ் முன்னொட்டு சேர்ந்தது. அந்த முன்னொட்டோடு கொடுத்தாலும் உள்ளீடு ஏற்கிறது, ஏனென்றால் எண்ணைப் படிக்கும் சி நூலகச் செயல்பாடு பதினாறு அடிமானத்தில் அதைத் தாண்டிப் போகத் தெரிந்தது. காட்டியதைத் திருப்பிக் கொடுத்தால் அதே மதிப்பு கிடைக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் பெரும்பாலான முடிவுகள் தானாக வந்துவிடும். தலைகீழ் விதி தேவையில்லை: கொடுத்த அதே எழுத்து வடிவத்தில் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 24 என்றும் கொடுக்கலாம், 255.255.255.0 என்றும் கொடுக்கலாம். காட்டுவது ஒன்றாக இருக்கட்டும்.

11. கேபிபிஎஸ்-க்குத் தப்பான அர்த்தம்னு நீங்களே சொல்றீங்க. அதை மாத்திடலாமே?

கூடாது. பொருளை மாற்றினால் எந்தப் பிழையும் வராது, அதுதான் அபாயம். 500 கேபிபிஎஸ் என்று சரியாகப் புரிந்து எழுதியவரின் இணைப்பு, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். எங்கோ ஒரு ரவுட்டரில் பத்து ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காத ஸ்கிரிப்ட் அது. நிர்வாகி முதலில் கேபிளைச் சந்தேகிப்பார், அப்புறம் கார்டை. ஒரு அலகின் பெயர் ஏற்கெனவே ஒரு பொருளில் வெளியே போயிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். குழப்பமில்லாத புதுப் பெயரைப் பக்கத்தில் சேர்த்து, கையேட்டிலும் எடுத்துக்காட்டுகளிலும் அதையே எழுதுங்கள். மிஞ்சினால் ஓர் எச்சரிக்கை, அதுவும் பிழை வெளியீட்டில்.

இயல்பான வெளியீட்டை மாற்றாமல் தேர்வு கொடுப்பதும் ஒரு வழி. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் இஃப்கான்ஃபிக்கில் மாஸ்க்கை ஹெக்ஸிலா, புள்ளி வடிவத்திலா, சாய்கோட்டு வடிவத்திலா காட்ட வேண்டும் என்று ஒரு விருப்பத்தின் மூலம் சொல்லலாம்.

12. எண்ணை ரவுண்ட் பண்ணி அழகா காட்டுறது தப்பா?

மனிதர் பார்க்க மட்டும் என்றால் தப்பில்லை. பத்தாம் கேள்வியின் விதியை வைத்துப் பார்த்தால் தப்பு. டிசியிலேயே இரண்டு விதமும் இருக்கிறது. 1.5 எம்பிட் கொடுத்தால் அது 1500 கேபிட் என்று காட்டும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும், எண்ணின் துல்லியம் போய்விடக் கூடாது என்பதற்காகவே மெகாவுக்கு ஏறாமல் நிற்கிறது. நேரத்தைக் காட்டும்போது அந்தக் கவனம் இல்லை: 1234 மில்லிநொடி கொடுத்தால் 1.23 நொடி என்று மூன்று இலக்கத்தில் வெட்டிவிடும். காட்டியதைத் திருப்பிக் கொடுத்தால் நான்கு மில்லிநொடி காணாமல் போயிருக்கும். புதுக் கருவி எழுதுகிறவர்கள் முதல் முறையைப் பின்பற்றுங்கள்: மீதியில்லாமல் வகுபட்டால் மட்டும் பெரிய அலகுக்கு ஏறுங்கள்.

13. ஜேசன் அவுட்புட் வந்தாச்சே. இனிமே இந்தத் தலைவலி எல்லாம் எதுக்கு?

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கட்டாயம் ஜேசனுக்கு (நிரல்கள் எளிதாகப் படிக்கும் பெயர்-மதிப்பு வடிவம்) மாறுங்கள். பத்தியை வெட்டி எண் எடுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். ஆனால் அலகுப் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை. டிசியின் சாதாரண வெளியீட்டில் 1 எம்பிட் என்று வரும் வேகம், ஜேசனில் 125000 என்று வரும். கர்னல் வேகத்தை நொடிக்கு இத்தனை பைட் என்று வைத்திருக்கிறது. ஜேசன் அதை அப்படியே கொடுக்கிறது. புலத்தின் பெயரோ 'ரேட்' மட்டும்தான். அதே எண்ணைத் திருப்பி உள்ளீட்டில் வெறும் எண்ணாகப் போட்டால், நான்காம் கேள்விப்படி அது பிட் ஆகிவிடும். எட்டு மடங்கு குறைந்துபோகும்.

நீங்கள் ஜேசன் வெளியீடு எழுதினால் அலகைப் புலத்தின் பெயரிலேயே வையுங்கள். வெளியே போன பிறகு மாற்ற முடியாது, 11-ஆம் கேள்வியில் சொன்ன காரணம்தான்.

14. ஐபிவி6, மேக் அட்ரஸ் எல்லாம் ஒவ்வொரு டூலும் ஒரு மாதிரி காட்டுது. எப்படி ஒப்பிடுறது?

எழுத்தை எழுத்தோடு ஒப்பிடாதீர்கள். இரண்டையும் எண்ணாக மாற்றிப் பிறகு ஒப்பிடுங்கள். ஐபிவி6 முகவரியைக் காட்ட 2010-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5952 தெளிவான விதி வைத்திருக்கிறது: சிறிய எழுத்து, முன்பூஜ்யம் கிடையாது, மிக நீளமான பூஜ்ய வரிசையை மட்டும் '::' குறியால் சுருக்குவது, ஒற்றைப் பூஜ்யத்தைச் சுருக்காமல் விடுவது. 2001:0:0:1:0:0:0:1 என்பதை 2001:0:0:1::1 என்று எழுத வேண்டும், இடப்பக்கப் பூஜ்யங்களைச் சுருக்கக் கூடாது. போர்ட் சேரும்போது முகவரியைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்: [::1]:80. அடைப்பில்லாமல் ::1:80 என்று எழுதினால் அது இன்னொரு முகவரி.

மேக் முகவரி 00:11:22:33:44:55 என்று லினக்ஸிலும், இடையில் சிறு கோடுகளோடு விண்டோஸிலும், 0011.2233.4455 என்று சிஸ்கோவிலும் வரும். மூன்றையும் ஏற்று, ஒன்றைக் காட்டுங்கள்.

15. ப்ராக் கோப்புல ரூட்டைப் பார்த்தேன், 1.2.3.4 இருக்க வேண்டிய இடத்துல 04030201-ன்னு இருக்கு. கர்னல் பக்?

பக் இல்லை. ப்ராக் என்பது கர்னல் தன் நிலையைக் கோப்பு வடிவில் காட்டும் இடம். நெட்வொர்க் வரிசையில் (பெரிய பைட் முதலில்) இருக்கும் நான்கு பைட்டை, இன்டெல் வகைச் செயலி ஒரே எண்ணாகப் படித்து ஹெக்ஸில் எழுதினால் பின்னாலிருந்து வரும்.

16. நான் பண்ணின மாத்தம் சரியான்னு எப்படி டெஸ்ட் பண்றது?

கொடு, காட்டச் சொல், காட்டியதைத் திருப்பிக் கொடு, ஜேசனில் இரண்டு முறையும் ஒரே மதிப்பு வருகிறதா பார். இதை எல்லா அலகுக்கும் சுழற்சியில் ஓட்டுங்கள். சோதிக்க வேண்டிய எண்கள் எல்லைகளில் இருப்பவை: 0, 999, 1000, 1001, 1023, 1024, 1025. பெரிய பக்கம் 32 பிட்டின் விளிம்பான 4294967295-உம் அதற்கு அடுத்த எண்ணும். வேகத்தை 32 பிட்டில் பைட் கணக்கில் வைத்ததால் டிசி ஒரு காலத்தில் சுமார் 34.36 கிகாபிட்டோடு நின்றது. அதனால்தான் 64 பிட் புலங்கள் பின்னால் சேர்க்கப்பட்டன. 40 கிகாபிட் கார்டு கையில் இல்லையென்றாலும் அந்த எண்ணைச் சோதனையில் வையுங்கள்.

மறுக்க வேண்டியவற்றையும் சோதியுங்கள்: தெரியாத அலகு, எண்ணுக்குப் பின் குப்பை, குறை எண், காலிச் சரம். பிழைச் செய்தியில் எந்தச் சொல்லை மறுத்தோம், என்ன எதிர்பார்த்தோம் என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

17. புதுசா ஒரு கீவேர்ட் சேர்த்தா யாரோ எழுதின பழைய சுருக்கம் உடைஞ்சிடுமா?

உடையலாம். ஐபிரூட்2-இல் பல சொற்களை முதல் சில எழுத்தோடு நிறுத்தலாம். டிபிஎஃப்பில் நாம் 'லேட்டன்சி' என்று கொடுக்க, அது 'லேட்' என்று காட்டினாலும் திருப்பிக் கொடுத்தால் வேலை செய்வது இந்தச் சலுகையால்தான். ஆனால் அதே எழுத்தில் தொடங்கும் புதுச் சொல் ஒன்றைப் பட்டியலில் முன்னால் சேர்த்தால், பழைய சுருக்கம் அதன் வசம் போய்விடும். எந்தச் சத்தமும் இல்லாமல் வேறு விருப்பம் அமையும்.

அதனால் பழைய சொற்களுக்குச் சுருக்கத்தை விட்டுவையுங்கள், புதுச் சொற்களை முழுச் சொல்லாக மட்டும் ஒப்பிடுங்கள். லினக்ஸ் நெட்வொர்க் நிரலாளர்களின் அஞ்சல் குழுவான நெட்டெவ்வுக்குப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும்போது இதைச் செய்திருந்தால் ஒரு சுற்று மறுப்பு மிச்சமாகும். விளக்கக் குறிப்பில் முன்பு என்ன வெளியீடு, இப்போது என்ன வெளியீடு என்று இரண்டையும் ஒட்டிவிடுங்கள். கையேட்டுப் பக்கத்தின் திருத்தமும் அதே பேட்ச்சில் இருக்கட்டும்.